முன்னச்சைச் சேர்த்தவர்கள்

வாகன வரலாறு பெரும்பாலும் ஆலை அதிபர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆலையிலிருந்து வந்த வண்டியைப் பட்டறையில் ஏற்றிப் பிரித்து, அதற்குத் தெரியாத வித்தையைக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு அதில் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம். அமெரிக்கப் பிக்கப் வண்டி நான்கு சக்கரங்களாலும் இயங்கக் கற்ற கதையில் இந்த அநீதி சற்றுக் கூடுதலாகவே நிகழ்ந்திருக்கிறது என்பது நமது எண்ணம்.

சாதாரணப் பிக்கப்பில் எஞ்சினின் விசை கியர்பெட்டியைக் கடந்து, நீண்ட தண்டொன்றின் வழியே பின்னச்சுக்குப் போகிறது. முன்சக்கரங்களின் வேலை திரும்புவது மட்டுமே. பின்சக்கரம் சேற்றில் சுழன்று தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்போது அவை வெறுமனே வேடிக்கை பார்க்கின்றன. அவற்றுக்கும் விசை கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆனால் திரும்பவும் வேண்டும், திரும்பிய நிலையிலேயே உந்தவும் வேண்டும் என்றால், வளைந்து நின்றும் சுழலக்கூடிய ஓர் இணைப்பு அச்சின் முனையில் இருந்தாக வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்துக் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் இயந்திரப் பட்டறை நடத்திய ஓட்டோ சாக்கோவும் அவரது உறவினர் வில்லியம் பெசர்டிக்கும் இதற்கு ஒரு வழி கண்டு 1908இல் காப்புரிமை பெற்றனர். அதிலிருந்து பிறந்த லாரிகள் முதல் உலகப்போருக்குப் போயின. அவை கனத்தவை, மெதுவானவை. உழவரின் அன்றாட வண்டியாக ஆகக்கூடியவை அல்ல.

அந்த இடைவெளியைப் பட்டறைகளே நிரப்பின. இண்டியானாபொலிஸில் 1931இல் வால்டர் மார்மனும் ஆர்தர் ஹெரிங்டனும் தொடங்கிய நிறுவனம், 1935 முதல் ஃபோர்டு லாரிகளை வாங்கி மாற்றியமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிறிய பிக்கப்புகளும் அந்த வரிசையில் சேர்ந்தன. போருக்குப் பின் மினியாபொலிஸின் நாப்கோ நிறுவனம் இதை இன்னொரு படி முன்னே கொண்டுசென்றது. ஷெவர்லே, ஜிஎம்சி வண்டிகளுக்கான முழு மாற்றுத் தொகுப்பையே அது 1950களில் விற்றது: விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னச்சு, தண்டுகள், அவற்றைப் பொருத்தும் தாங்கிகள்.

இந்த வேலையின் நுட்பம் பொருத்துவதைக் காட்டிலும் கணக்கில்தான் இருக்கிறது. முன்னச்சின் பல்விகிதம் பின்னச்சின் விகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையேல் முன்சக்கரம் ஒரு வேகத்தைக் கேட்கும், பின்சக்கரம் வேறொன்றைக் கேட்கும். நடுவில் தண்டுகள் முறுக்கேறும். விகிதம் ஒத்திருந்தாலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்கின்றன. சேறு அந்த வேறுபாட்டை வழுக்கி ஏற்றுக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலை ஏற்காது. ஆகவே சாலைக்கு வந்ததும் முன்னச்சுக்குப் போகும் விசையைத் துண்டிக்க ஒரு நெம்புகோல் தேவைப்பட்டது. துண்டித்த பிறகும் உருளும் சக்கரங்கள் முன்னச்சின் உறுப்புகளை வீணே சுழற்றிக்கொண்டிருந்தன. சியாட்டிலில் ஆர்தர் வார்ன் 1948இல் தொடங்கிய நிறுவனம், போர் முடிந்து மலிவாகக் கிடைத்த ஜீப்புகளுக்கென ஒரு சக்கரக்குடத்தைச் செய்தது. அதன் பூட்டைத் திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் சுழலும், அச்சு ஓய்வெடுக்கும். எளிய தீர்வுதான், இத்தகைய எளிமை பெரிய ஆலைகளின் வரைபட மேசைகளில் அரிதாகவே பிறக்கிறது.

ஆலைகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. டாட்ஜ் நிறுவனம் 1946இலேயே தனது போர்க்கால லாரியைப் பொதுமக்களுக்கான ‘பவர் வேகன்’ ஆக்கியது. வில்லிஸும் நாற்சக்கர இயக்கமுள்ள பிக்கப்பை விற்றது. ஆனால் பவர் வேகன் படைமுகாமின் முரட்டுத்தனத்தை விடவேயில்லை. கால்நடை வளர்ப்பவரும் மின்கம்பிப் பணியாளரும் கேட்டது, நகரத்துக்குச் சென்றுவரவும் ஏற்ற சாதாரண வண்டியை; அதில் மலையேறும் திறனும் இருக்கவேண்டும் என்பதே அவர்களின் விருப்பம். அதைத் தந்தவர்கள் மாற்றியமைத்தவர்களே.

வெற்றியே அவர்களுக்கு வினையாக வந்தது. ஷெவர்லேயும் ஜிஎம்சியும் 1950களின் பிற்பகுதியில் நாப்கோவின் உறுப்புகளைத் தங்கள் ஆலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கின. சந்தை உண்டென்று உறுதிப்பட்டதும், 1959இல் ஃபோர்டு தானே நாற்சக்கர இயக்கப் பிக்கப்பைச் செய்தது. 1960 மாடல்களோடு ஜெனரல் மோட்டார்ஸும் சொந்த அமைப்புக்கு மாறிவிட்டது. பிக்கப் சந்தையில் நாப்கோவுக்கு இருந்த இடம் அத்தோடு போயிற்று. மார்மன்-ஹெரிங்டன் கனரக வண்டிகளின் பக்கம் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது. இன்று நாப்கோ முன்னச்சு உள்ள பழைய ஷெவர்லேயைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவ்வண்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது என்னவோ ஷெவர்லேயின் பெயர்தான்.