பல்லில் எழுதிய தண்ணீர்

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், எவ்வளவு பெரிய வேடிக்கை நடந்தாலும் வாயைத் திறந்து சிரிக்கமாட்டான். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நாமக்கல்லில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க வந்தவன். முன்பற்களில் பழுப்புக் கறை பட்டை பட்டையாக ஓடியிருக்கும். ஒரு நாள் வாத்தியார், "ஏண்டா, இந்த வயசிலேயே புகையிலை போடுகிறாயா?" என்று கேட்டுப் பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பாவம், அவன் செங்கற்பொடியும் உப்புமாக ஈறு கிழியத் தேய்த்துப் பார்த்தான். கறை போகவில்லை.

எப்படிப் போகும்? அது பல்லோடு பிறந்த கறை அல்லவா?

இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க உலகத்துக்கே முப்பது வருஷம் பிடித்தது. 1901-ல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு வந்த மக்கே என்னும் பல் வைத்தியர், உள்ளூர்க்காரர்களின் பழுப்புப் பற்களைக் கண்டு திகைத்தார். நாளடைவில் குடிதண்ணீர்மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. 1931-ல் அலுமினியக் கம்பெனி ஒன்றின் ரசாயன நிபுணர் சர்ச்சில், குற்றவாளி ஃபுளோரைடு என்று கண்டறிந்தார். 1937-ல், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ச் சீமையில் இதே உப்பு மனிதரின் எலும்பையும் முதுகையும் முடக்கிப்போட்டிருப்பதை ஷார்ட் முதலிய டாக்டர்கள் எழுதி வெளியிட்டார்கள்.

நம் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. 1965 வரையில் தருமபுரியும் சேலம் ஜில்லாதான். பூமிக்கடியில் பழம்பாறை, மேலே குறைந்த மழை. கிணற்று நீர் பாறையிடுக்கில் நெடுநாள் தங்கி ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

நகம் வெட்டினால் வளரும். எலும்பு முறிந்தால் கூடும். பல்லின் மேற்பூச்சான எனாமல் மட்டும் அப்படியில்லை. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் ஈறுக்குள்ளேயே வேலையை முடித்து, பல் வெளிவரும்போது மறைந்துவிடுகின்றன. ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் குடித்த தண்ணீரின் கதையை முன்பற்கள் ஆயுள் முழுதும் சுமக்கின்றன.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குழாயில் கொண்டுவந்தது.

சமீபத்தில் அந்தச் சிநேகிதனின் ஊருக்குப் போயிருந்தேன். பத்து வயது மகள் கதவைத் திறந்து, "வாங்க மாமா!" என்று பல் தெரியச் சிரித்தாள். முல்லை மொட்டுகள் மாதிரி வெள்ளைப் பற்கள். பின்னாலிருந்து அவனும் சிரித்தான், பழைய வழக்கப்படி உதட்டை மூடிக்கொண்டே. எனக்குத்தான் அவனை நேராகப் பார்க்க வெட்கமாயிருந்தது.