சுண்ணாம்பு: பொடியின் பெயர் பொருளின் பெயரான வரலாறு

சுண்ணாம்பு என்று இன்று வழங்கும் பெயருக்கு அடியாக நின்ற சொல், தொடக்கத்தில் எந்தத் தனிப்பொருளுக்கும் உரியதாக இருக்கவில்லை. இடித்தும் அரைத்தும் நுண்ணிதாக்கப்பட்ட எதனையும் அது குறித்தது. ஒரு பொருள் இருக்கும் நிலையைச் சுட்டிய சொல், பின்னர் ஒரு பொருளையே சுட்டும் பெயராக மாறிய இந்த வரலாறு, வேதியியலைத் தொடங்கும் மாணவர் முதலில் தெளிய வேண்டிய வேறுபாட்டை, அதாவது இயற்பியல் பண்புக்கும் வேதிப் பண்புக்கும் இடையிலான வேறுபாட்டைத் தன்னுள் கொண்டிருக்கிறது. கிளிஞ்சல் ஒதுங்கும் முத்துக்குளித்துறைக் கடற்கரையும், பதனீர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு பூசும் நாசரேத் வட்டாரப் பனங்காடும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருப்பதால், இச்சொல்லையும் இப்பொருளையும் சேர்த்து ஆராய்வதற்குத் தூத்துக்குடிப் பகுதி பொருத்தமான களமாகிறது.

பொடி என்னும் பொருளுடைய ‘சூர்ண’ என்ற வடசொல், பிராகிருதத்தில் ‘சுண்ண’ என்று திரிந்து, தமிழில் சுண்ணம் ஆயிற்று. தெலுங்கின் சுன்னமு, கன்னடத்தின் சுண்ண, இந்தியின் சூனா ஆகியவையும் அதே மூலத்திலிருந்து வந்தவையே. நாசரேத்துக்குத் தெற்கே இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், தமிழில் கலந்த வடசொற்களை வெவ்வேறு காலத்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். அந்த அடுக்குகள் இச்சொல்லிலும் தெரிகின்றன: பிராகிருதத் திரிபை ஒட்டியது சுண்ணம், மூலத்தின் ஒலியை நெருங்கி நிற்பது, சித்த மருத்துவத்தில் வழங்கும் சூரணம்.

பழைய இலக்கியத்தில் சுண்ணம் பெரும்பாலும் நறுமணப் பொடியையே குறிக்கிறது. சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் சுண்ணமே சிறந்ததென்று வாதிட, சீவகன் இரண்டையும் காற்றில் தூவி, வண்டுகள் மொய்த்த குணமாலையின் சுண்ணமே உயர்ந்ததென்று தீர்ப்பளிக்கிறான். பார்வைக்கு இரண்டும் பொடியே எனினும், உள்ளே இருக்கும் பொருளின் இயல்பு சோதனையால்தான் வெளிப்படும் என்பது அந்நிகழ்ச்சியின் அடிப்படை. திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் என்னும் பகுதியும், மகளிர் பாடிக்கொண்டே வாசப்பொடி இடிக்கும் வழக்கத்தைக் கொண்டு அமைந்ததாகும்.

வாசப்பொடிக்கு வழங்கிய பெயர் சுட்ட கிளிஞ்சலுக்கும் கல்லுக்கும் உரியதானதற்கு அப்பொருளின் நடத்தையே விளக்கம் தருகிறது. பிற பொருள்களை இடித்துத்தான் பொடியாக்க வேண்டும். சுட்ட கிளிஞ்சலோ, நீர் தெளித்த அளவில் சூடேறி, வெடித்து, உலக்கையின் உதவியின்றித் தானே வெண்பொடியாக உதிர்கிறது. காலப்போக்கில் பொதுவான பொடிக்குத் தூள், மாவு, சூரணம் போன்ற சொற்கள் நிலைத்துவிட, சுண்ணாம்பு என்னும் நீண்ட வடிவம் இந்த ஒரு பொருளுக்கே உரியதாயிற்று. அதன் பின்னர்ப் பொடி என்ற கருத்து சொல்லிலிருந்து முற்றிலும் தேய்ந்துபோனதற்குச் சுண்ணாம்புக்கல் என்ற பெயரே சான்று: மூலச்சொல்லின் பொருள்படி அது ‘பொடிக்கல்’ என்னும் முரணான தொடராகும். கல்லாயினும், குழம்பாயினும், தெளிந்த நீராயினும் சுண்ணாம்பு என்றே வழங்கும் பேச்சுவழக்கு, நிலை மாறினாலும் பொருளின் பெயர் மாறாது என்ற நெறியை அறிந்தோ அறியாமலோ பின்பற்றுகிறது.

எனினும் கிளிஞ்சலும், சுட்ட கிளிஞ்சலும், அதில் நீர் சேர்ந்ததும் வேதியியலின்படி வெவ்வேறு பொருள்கள். இந்த வேறுபாட்டைக் காட்டும் வேலையை நீறு என்ற சொல் ஏற்றுக்கொண்டது. நீறுதல் என்பது வெந்து சாம்பலாதல், பொடிந்துபோதல். நீற்றுதல் என்பது அதன் பிறவினை. திருநீறு, நீறு பூத்த நெருப்பு ஆகிய வழக்குகள் இச்சொல்லின் பழமையான பொருளைக் காக்கின்றன. சுண்ணம் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று சொல்ல, நீறு அது எதன் வழியாக வந்தது என்று சொல்கிறது. கிளிஞ்சலைச் சம்மட்டியால் நொறுக்கினால் கிடைப்பது பழம்பொருளில் சுண்ணமே; அதன் வடிவம் மாறியதேயன்றி அது முன்போல் கால்சியம் கார்பனேட்டாகவே இருக்கிறது; இது இயற்பியல் மாற்றம். அதையே காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசு வெப்பத்தில் சுட்டால், தூய பொருளின் 100 கிராமுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு எஞ்சுகிறது. இது வேதி மாற்றம். அந்த 56 கிராமுடன் 18 கிராம் நீர் சேர்ந்து வெப்பத்தை உமிழ்ந்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. வெளியேறும் வளிக்கும் நிறையுண்டு என்பதை ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் 1756இல் வெளியிட்ட ஆய்வில் நிறுத்துக் காட்டினார். சுண்ணாம்புக்குள் மறைந்திருந்த உலோகத்தை 1808இல் பிரித்த ஹம்ப்ரி டேவி, சுண்ணாம்பைக் குறிக்கும் கால்க்ஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குக் கால்சியம் என்று பெயரிட்டார்.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்ற பழமொழி, ஓரவஞ்சனையைச் சொல்ல எழுந்ததாயினும், பண்புகளைப் பற்றிய கூர்மையான கவனிப்பும் அதில் அடங்கியுள்ளது. வெண்மை, குழைவு ஆகிய இயற்பியல் பண்புகளில் இரண்டும் ஒத்திருக்க, ஒன்று குளிர்விக்கும், மற்றது கண்ணை அரித்துக் கெடுக்கும் என்பது வேதிப் பண்பின் வேறுபாடு. அரிக்கும் இவ்வியல்புக்குக் காரணம் சுண்ணாம்பின் காரத்தன்மை. மஞ்சளுடன் சேர்ந்தால் அதைச் சிவக்கச் செய்வது காரத்தின் அடையாளமாதலால், சித்த மருத்துவர் தாம் முடித்த மருந்து சுண்ணமாகியதா என்று மஞ்சளைக் கொண்டு சோதிப்பர். அவர்தம் வழக்கில் சூரணம் உலர்ந்த சரக்கை இடித்துச் சலித்த பொடி. சுண்ணம் புடமிட்டுக் காரமேற்றிய மருந்து. ஒரே மூலத்தில் பிறந்த இரு சொற்கள், நெருப்பைத் தீண்டாததும் நெருப்பில் மாறியதுமாகப் பிரிந்து நிற்கின்றன.

நாசரேத்தைச் சூழ்ந்த செம்மணல் தேரிகளின் பனைத்தொழிலில் இந்தக் காரத்தன்மை அன்றாடப் பயன்பாட்டுக்கு வருகிறது. பாளையிலிருந்து இறங்கும் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிரிகள் விரைவில் பெருகிச் சர்க்கரையைச் சாராயமாக்கும்; பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால், காரம் மிகுந்த சாற்றில் அவை தழைக்க இயலாமல் நொதித்தல் தடைப்படுகிறது. ஒரே பாளையின் சாறு சுண்ணாம்பு இருந்தால் பதனீராகவும் இல்லாவிட்டால் கள்ளாகவும் பெயர் பெறுகிறது. சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்கும் குறைவாகவே கரைவதால், எஞ்சியது கலயத்தின் அடியில் தங்கிவிட, தெளிந்த பதனீர் கருப்பட்டிக்குக் காய்ச்சப்படுகிறது.

கட்டடக் காரையில் இப்பொருள் தன் சுற்றை நிறைவு செய்கிறது. நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்று, நீரை வெளியேற்றி, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் அது பால்போல் வெளுப்பதும் இதே மாற்றத்தாலேயாகும். காளவாயில் இழந்த 44 கிராமும் இவ்வாறு திரும்பி வர, பழைய சுவரின் காரை வேதியியலளவில் கிளிஞ்சலாகவே ஆகிவிடுகிறது. முத்தின் பெரும்பகுதியும், சங்கும், பவளப்பாறையும் இதே கால்சியம் கார்பனேட்டே. இந்த ஒற்றுமையே தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றியிருந்த பாறைகள் சுண்ணாம்புக்காக வெட்டப்படக் காரணமாயிற்று. இத்தகைய அழிவைத் தடுக்கும் வகையில் 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

பள்ளிப் பாடநூலில் வழங்கும் நீற்றுச் சுண்ணாம்பு என்ற தொடர் நீறு, சுண்ணம் ஆகிய இரு சொற்களையும் இணைத்து நிற்பது குறிக்கத்தக்கது: முதற்சொல் நிகழ்ந்த மாற்றத்தையும், இரண்டாம் சொல் பொருளையும் கூறுகின்றன. கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற பெயர் அப்பொருளில் அடங்கிய தனிமங்களைச் சொல்லும். அது உருவான வழியைச் சொல்லாது. மாணவர் இரண்டையும் கற்பது தேவையற்ற சுமையன்று. ஒன்று பொருளின் அமைப்பையும் மற்றொன்று அதன் வரலாற்றையும் கற்பிக்கின்றன.