மலையகத் தமிழரும் முத்தையா முரளிதரனின் ஆட்ட வாழ்வும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் மட்டும் எழுதப்படுவதன்று. சில வேளைகளில் அது தனியொருவரின் தொழில் வாழ்விலும் எழுதப்படுகின்றது. இலங்கைக் கிரிக்கெட் அணிக்காகப் பதினெட்டு ஆண்டுகள் டெஸ்ட் போட்டிகளில் பந்துவீசிய முத்தையா முரளிதரனின் வாழ்வு அத்தகையது. அவர் பெற்ற விக்கெட்டுகளின் கணக்கு உலகறிந்தது. எனினும், அந்த வாழ்வை மலையகத் தமிழரின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போதே அதன் முழுப் பொருளும் புலனாகும்.

முரளிதரன் கண்டியைச் சேர்ந்தவர். சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களோடு அவருக்குப் பிறப்புரிமை எதுவுமில்லை. ஆயினும் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் இடையே வளர்ந்த பிள்ளைகள் அவர் பெயரைத் தமக்குரிய பெயராகவே கொண்டனர். நுவரெலியா மாவட்டத்தைப் போலத் தமிழர் செறிந்து வாழும் பிரதேசமன்று சப்பிரகமுவ. இங்குள்ள தோட்டங்கள் பல சிறியவை. சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடப்பவை. எண்ணிக்கையால் பலம் பெற இயலாத ஒரு சிறு கூட்டம், தன்னை ஒத்த வரலாறுடைய ஒருவர் நாட்டின் பெயரால் களமிறங்குவதைக் காணும்போது அடையும் உணர்வு எளிதில் விளங்கக் கூடியதே.

முரளிதரனின் பாட்டனார் 1920களில் தமிழகத்திலிருந்து வந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். கங்காணிமார் வழியாகக் கடல் கடந்து வந்து, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் காடு திருத்தித் தேயிலையும் இறப்பரும் நட்ட பல்லாயிரவரின் கதையும் இதுவே. பாட்டனார் பின்னர் தாயகம் திரும்பினார். அவருடைய மகன் முத்தையாவோ கண்டியிலேயே தங்கினார். ஒரே குடும்பம் இரு நாடுகளில் பிரிந்து வாழ்வது மலையகத் தமிழருக்குப் புதிய அனுபவமன்று.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்ததாயினும், அதனுள் நுழைய விரும்பியோர் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. திருமணமானோருக்கு ஏழாண்டும் ஏனையோருக்குப் பத்தாண்டும் எனக் கால வரையறை விதிக்கப்பட்டது. லயத்து அறையில் பிறந்து, பிறப்புப் பதிவின்றி வளர்ந்து, தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் ஒரு பெயராக மட்டும் வாழ்ந்தவர் சான்றுக்கு எங்கே போவார்? விண்ணப்பித்தோருள் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. தாம் யார் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டிய நிலை, இவ்வாறு ஒரு தலைமுறையின் வாழ்வு முழுவதையும் ஆட்கொண்டது.

இச்சூழலில் 1972 ஏப்ரல் 17ஆம் நாள் முரளிதரன் பிறந்தார். தந்தையார் குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலையொன்றை நடத்தினார். தோட்டக் கூலியிலிருந்து தொழில் முயற்சிக்கு உயர்ந்த அக்குடும்பத்தையும் வன்செயல் விட்டுவைக்கவில்லை. தம் சிறு வயதிலே தந்தை வெட்டப்பட்டதையும் உறவினர் பலர் கொல்லப்பட்டதையும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்றில் அவரே குறிப்பிட்டார். அக்காலத்தில் தோட்டப்புறமெங்கும் இந்த அச்சம் நிலவிற்று. 1977இல் தாக்கப்பட்ட தோட்ட மக்களிற் பலர் வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தீக்கிரையாயின. 1983 யாவரும் அறிந்ததே.

ஒன்பது வயதில் முரளிதரன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதியிற் சேர்க்கப்பட்டார். அவரது வாழ்வின் திருப்புமுனை இதுவே எனலாம். தொடக்கத்தில் மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்த அவரை, பதினான்காம் வயதளவில் சுழற்பந்தின் பக்கம் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1991இல் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்னும் விருது அவரைச் சேர்ந்தது. பின்னர், 1899இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தில் அவர் இணைந்தார். தோட்டத் தொழிலாளியின் பேரன், சிங்களப் பயிற்றுநரின் மாணவன், தமிழ்க் கழகத்தின் ஆட்டக்காரன் என்னும் மூன்று நிலைகளும் ஒருவரிடத்தே கூடிய பின்னரே தேசிய அணியின் கதவு திறந்தது. 1992 ஆகஸ்ட் 28ஆம் நாள் கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடங்கிய போட்டியே அவரது முதல் டெஸ்ட்.

முரளிதரனின் வலது முழங்கை பிறப்பிலிருந்தே முற்றாக நிமிராதது. மணிக்கட்டோ வியக்கத்தக்க வகையிற் சுழல்வது. இவ்விரண்டும் சேர்ந்தமையால், பந்தை எறிகின்றாரோ என்னும் ஐயம் பார்ப்போர்க்கு எழுந்தது. வீசும்போது மடங்கிய முழங்கையை நிமிர்த்துவதே விதிப்படி எறிதல் ஆகும். கை மடங்கியிருப்பது மட்டும் குற்றமாகாது. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் தீர்மானிப்பது அரிது. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் மைதானத்திலே நடுவர் டரல் ஹெயார், மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை அவரது பந்தை முறையற்றதென அறிவித்தார். பத்து நாட்களுக்குள் பிரிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். இருபத்து மூன்று வயது இளைஞரொருவரின் பிழைப்பு அவ்விரு நாட்களில் ஊசலாடியது.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவரது கை பல கோணங்களிலே படம்பிடிக்கப்பட்டு ஆராயப்பட்டது. எறிவதாகத் தோன்றுவது பார்வை மயக்கமே என ஆய்வு முடிவு கூறிற்று. அதே ஆண்டு மார்ச் 17இல் லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றார். 1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஒரே போட்டியில் 220 ஓட்டங்களுக்குப் 16 விக்கெட்டுகளைச் சாய்த்து, இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே தோற்கச் செய்தார்.

ஐயம் எனினும் ஓயவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் அவர் பந்தை முறையற்றதென்றார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க உடனே தம் வீரர்களை எல்லைக்கோட்டருகே அழைத்துச் சென்றார், ஆட்டம் தடைப்பட்டது. முரளிதரனைத் தனியே விட்டு ஆட அவர் உடன்படவில்லை. ஆட்டம் தொடர்ந்து, இறுதியில் இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. மலையகத் தமிழரின் வரலாற்றைப் பயில்வோர் இந்நிகழ்ச்சியைக் கடந்து செல்லலாகாது. எந்த நாடு பாட்டனாரின் தலைமுறையிடம் நீ யார் எனச் சான்று கேட்டதோ, அதே நாட்டின் சிங்களத் தலைவர் ஒருவர், பேரனுக்காக உலகின் முன் சான்றாக நின்றார். சட்டம் தராத ஏற்பை அன்று ஆடுகளம் தந்தது.

2004ஆம் ஆண்டு சோதனை மறுபடியும் வந்தது. வெளிப்புறமாகத் திரும்பும் ‘தூஸ்ரா’ என்னும் அவரது பந்தைப் பற்றிப் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் பிரோட் முறையிட்டார். அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட் கூட அவரை எறிபவர் எனக் கூறினார். முரளிதரன் அவ்வாண்டு அவுஸ்திரேலியப் பயணத்தைத் தவிர்த்தார். முழங்கை அசையாதவாறு எஃகு பொருத்திய கவசத்தைக் கையில் அணிந்து, தொலைக்காட்சிப் படக்கருவியின் முன் தம் பந்துகளை வீசிக் காட்டினார். இதனிடையே சர்வதேசக் கிரிக்கெட் சபையின் ஆய்வுகள் எதிர்பாராத உண்மையொன்றை வெளிப்படுத்தின. தூய வீச்சாளர் எனப் போற்றப்பட்டோருட் பெரும்பாலோர் பந்துவீசும்போது முழங்கையைச் சிறிதளவேனும் நிமிர்த்தவே செய்தனர். 2005இல் யாவர்க்கும் பொதுவாக 15 பாகை என்னும் வரம்பு நிறுவப்பட்டது. ஒருவரைச் சோதிக்கப் புகுந்த அளவுகோல், ஈற்றில் அனைவரையும் அளந்தது.

சட்டப் புத்தகத்திலும் ஏறக்குறைய இதே காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருள் எஞ்சிய நாடற்றோர்க்கு இலங்கைப் பிரஜாவுரிமையை வழங்கியது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். நடுவரின் ஐயம் ஒரு விளையாட்டின் விதியிற் பிறந்தது. பிரஜாவுரிமை மறுப்போ அரசியல் நோக்கிற் பிறந்தது. எனினும் சான்று கேட்கப்பட்டவரின் நிலை இரண்டிலும் ஒன்றே. குற்றம் சாட்டுவோர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சாட்டப்பட்டவரே காலமெல்லாம் மெய்ப்பிக்க வேண்டும். தோட்டப்புற மக்கள் முரளிதரனின் துயரை விளக்கமின்றியே விளங்கிக் கொண்டமைக்குக் காரணம் இதுவே.

2007 டிசம்பர் 3ஆம் நாள் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்து வீரர் போல் கொலிங்வூட்டின் விக்கெட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் 708 என்னும் சாதனையை அவர் கடந்தார். பிறந்த நகரிலேயே அது நிகழ்ந்தது. 792 விக்கெட்டுகளோடு நின்றபோது, காலிப் போட்டியே தமது இறுதி டெஸ்ட் என முன்கூட்டியே அறிவித்தார். எட்டு விக்கெட்டுகள் வேண்டும். கிடைக்காதொழியின் மறு வாய்ப்பு இல்லை. 2010 ஜூலை 22இல், தமது டெஸ்ட் வாழ்வின் கடைசிப் பந்தில், மஹேல ஜயவர்தனவின் பிடியில் இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி எண்ணூறை எட்டினார். 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள்; ஒருநாட் போட்டிகளில் 534. 2011 ஏப்ரல் 2ஆம் நாள் மும்பையில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியோடு அவரது சர்வதேச ஆட்டம் முடிவுற்றது.

புகழுரையோடு இக்கதையை முடிப்பது வரலாற்று நோக்காகாது. உள்நாட்டுப் போர் குறித்து முரளிதரன் கூறிய கருத்துகள் தமிழருட் பலரின் கண்டனத்துக்கு ஆளாயின. அவரது வாழ்வைக் கூறும் திரைப்படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி 2020இல் விலக நேர்ந்தது. ‘800’ என்னும் அப்படம் வேறு நடிகரோடு 2023இல் வெளிவந்தது. தம்மை விளையாட்டு வீரராக மட்டும் கருதுமாறு அவர் கேட்பினும், அவரைத் தம் அடையாளமாகக் கொண்ட மக்கள் அவரிடம் அதற்கு மேலும் எதிர்பார்த்தனர். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதா என்பதில் இரு கருத்துகள் இருக்கலாம். அது எழுந்தமை மட்டும் இயல்பே.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. முரளிதரன் தோட்டத் தொழிலாளியின் பேரரே அன்றி, லயத்திலிருந்து நேரே களத்துக்கு வந்தவரல்லர். இடையிலே ஒரு தொழிற்சாலையும் ஒரு கல்லூரி விடுதியும் ஒரு பயிற்றுநரும் இருந்தனர். இறப்பர்ச் சரிவுகளுக்கு இடையே தோட்டங்களிற் கிடைக்கும் சமதரை பெரும்பாலும் பிரட்டுக்களமே. அங்கே மட்டையாகச் செதுக்கிய பலகையோடு மாலைதோறும் ஆடும் சிறுவரிடம் திறமை இல்லை எனக் கூற எவருக்கும் துணிவு வராது. அவர்களிடம் இல்லாதவை தோற்பந்தும் மைதானமும், அவர்களைக் கண்டுகொள்ளும் ஓர் ஆசிரியருமே. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதே 1970களிலும் அதன் பின்னரும் கட்டங்கட்டமாக நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொண்டால், இக்குறை எவ்வளவு ஆழமானதென்பது விளங்கும்.

முரளிதரனின் வாழ்வு மலையகத் தமிழரின் வெற்றி எனச் சொல்வது எளிது. அது அவ்வெற்றியின் தொடக்கம் எனச் சொல்வதே பொருந்தும். தம் உரிமையை மெய்ப்பித்துக் கொண்டே வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டம், ஒரு மனிதரின் வளைந்த கையிலே தன் நேர்மையைக் கண்டு நிமிர்ந்தது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் உள்ள தோட்டத்துச் சிறுவன் ஒருவன், எவரிடமும் சான்று காட்டாமல் ஒரு நல்ல மைதானத்தில் இறங்கிப் பந்தைக் கையிலெடுக்கும் நாளே அவ்வெற்றி நிறைவுறும் நாளாகும்.