பார்த்து வரைந்தால் காப்பியா?

பணி ஓய்வுக்குப் பிறகு தூரிகை பிடித்தவர்கள் எங்கள் வட்டத்தில் சிலர் உண்டு. பெரிய ஓவியர் ஒருவரின் உருவப்படத்தை முன்னால் வைத்து, எண்ணெய் வண்ணத்தில் வரைந்து காட்டினால், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காப்பிதானே?" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். எனக்கு இந்தக் கேள்வி உறுத்தும். அலுவலகத்தில் நாங்கள் வரைவு எழுதக் கற்றதே மூத்தவர்களின் பழைய கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான். பிரான்சின் பெரிய ஓவியர்கள் கற்றதும் அப்படியே.

பாரீசில் லூவ்ர் அரண்மனை 1793-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புரட்சிக் காலத்தில் வாரத்துக்குப் பத்து நாள். அதில் ஐந்து நாள் ஓவியர்களுக்கு. பொதுமக்களுக்கு மூன்றே நாள். வேடிக்கை பார்ப்பதைவிட நகல் எடுத்துப் பழகுவதுதான் முக்கியம் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள்.

இன்றும் அங்கே அனுமதி பெற்று நகல் வரையலாம். விதிகளைப் படித்தால் ஓர் எழுத்தருக்கு மனம் குளிரும். நகல் மூலப் படத்தின் அளவில் இருக்கக்கூடாது. ஓவியரின் கையொப்பத்தைப் போடக்கூடாது. துணியில் அருங்காட்சியக முத்திரை விழவேண்டும். நம் அலுவலகங்களில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவோம். அங்கே 'இது மூலம் அல்ல' என்பதற்காகக் குத்துகிறார்கள்!

யதார்த்த ஓவியத்தின் தலைவர் என்று பெயரெடுத்த குஸ்தாவ் கூர்பே (1819–1877) ஓர்னான் என்ற சிற்றூர்க்காரர். 1839-ல் பாரீசுக்கு வந்தார். ஆசிரியர்களிடம் அதிக நாள் தங்கவில்லை. லூவ்ரில் டச்சு, ஸ்பானிய ஓவியர்களை நகலெடுத்துக் கற்றார். பிறகு ஹாலந்துக்கும் போய் ரெம்பிராண்டின் படங்களை நேரில் பார்த்தார். அந்தப் படிப்பின் பலன் 'ஓர்னானில் ஓர் அடக்கம்' என்ற பெரிய படத்தில் தெரியும். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், ஆறரை மீட்டர் நீளம். அதில் நிற்பவர்கள் ராஜாக்கள் அல்ல, கறுப்பு உடை உடுத்திய சொந்த ஊர் ஜனங்கள்.

நகலெடுப்பதில் அப்படி என்ன கற்கிறோம்? முடிந்த படம், அது செய்யப்பட்ட வரிசையை மறைத்துவிடும். முதலில் பழுப்பு நிறத்தில் மெல்லிய அடிப்பூச்சு. பிரெஞ்சில் எபோஷ் என்பார்கள். அதில் நிழலும் ஒளியும் பிரியும். எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், எண்ணெய் மிகுந்தது மேலே. மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விடும். மூக்கு நுனியின் வெளிச்சம் கடைசியில் விழும். நகலெடுப்பவன் இந்த வரிசையைத் தன் கையாலேயே மறுபடி நடந்து பார்க்கிறான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாரீசின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஆனால் லூவ்ரில் அவர்கள் நகல் வரையத் தடையில்லை. பெர்த் மொரிசோ இளம்வயதில் அங்கேதான் வரைந்து பழகினார். 1868-ல் மனே என்ற ஓவியருக்கு அவர் அறிமுகமானதும் அங்கேதான். பள்ளி கதவடைத்தவர்களுக்கு அந்தச் சுவர்களே வாத்தியார். சிலருக்கு அது சோறும் போட்டது: மூன்றாம் நெப்போலியனின் உருவப்படத்தை ஊர்தோறும் மாட்டுவதற்கு நகல்கள் வேண்டியிருந்தன, அவற்றை வரைந்தவர்களில் பெண்களும் உண்டு.

1869-ல் கூர்பேக்கு ஐம்பது வயது. பெயர், புகழ், எதிரிகள் எல்லாம் சேர்ந்துவிட்ட காலம். அந்த ஆண்டு மியூனிக் கண்காட்சிக்குப் போனவர், அங்கே ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த ஒரு படத்தைப் பார்த்தார். தோளில் ஆந்தை, கையில் மதுக்குவளை, வாய்விட்டுச் சிரிக்கும் பெண்; பெயர் 'மல்லே பாபே'. ரெம்பிராண்டின் சுய உருவப்படம் ஒன்றும் இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் அந்த இரண்டையும் அப்படியே நகலெடுத்தார். ஹால்ஸ் படத்தின் நகல் இன்றும் ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த முறை நண்பர் ஒருவர் தம் படத்தைக் காட்டினால், காப்பிதானே என்று கேட்க வேண்டாம். எங்கே கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.