முத்துக்குளித்தவர்களின் உடல்

உடலை வளர்க்கும் கலையை மேலைநாட்டவரிடமிருந்தே கற்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அக்கலையின் முன்னோடி யூஜின் சாண்டோ, 1901இல் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி நடத்தியவர். 1904-05இல் இந்தியாவிலும் தமது வலிமையைக் காட்சிக்கு வைத்தார். அதே 1905இல், மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டிக் கரையோரத்தில், கைதட்டல் ஏதுமின்றி வேறொரு வலிமை கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

றொபேட் பேர்சிவல் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி 1803இல் வெளியிட்ட நூலில், கொண்டச்சிக் குடாவின் முத்துச் சலாபத்தை விவரிக்கிறார். படகொன்றில் பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள். ஐவர் கல்லின் பாரத்தால் அடித்தளத்துக்கு இறங்க, மற்ற ஐவர் மேலே மூச்சு வாங்கினர். ஒருவர் நாளொன்றுக்கு 40, 50 முறை மூழ்கினார். வாய், மூக்கு, காதுகளில் இரத்தம் வடிந்தபோதும் மீண்டும் இறங்கினார்.

இன்றைய பயிற்சியாளர் கூறும் விதிகளுள் முதன்மையானவை மூன்று: சுமையைப் படிப்படியாகக் கூட்டுதல், போதிய ஓய்வு, தக்க உணவு. செய்யும் வேலைக்கேற்பவே உடல் பழகும் என்பதும் விதியே. குளியாளுக்கு வேண்டியது பருத்த புயமன்று, மூச்சடக்கம். ஒரு முழுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே ஓய்வு தேவை என்பதைச் சாண்டோவுக்கு நூறாண்டுகள் முன்பே அப்படகு அறிந்திருந்தது. ஆனால் இரத்தம் வடிந்த உடலுக்கு வேண்டிய நீண்ட ஓய்வை யார் அளித்தார்?

1905 சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எண்ணப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவருக்கு. அரசின் வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. ஓய்வு கடலுக்கும் கிடைக்கவில்லை. 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் அள்ளப்பட்ட முத்துப் பார்கள் வறண்டன. 1906இல் அவற்றை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்த நிறுவனமும் நிலைக்கவில்லை. பார்களின் அழிவுக்கு வேறு காரணங்களும் கூறப்படுவதுண்டு; இடைவிடாது அள்ளியதும் அவற்றுள் ஒன்று.

தசை வளர்வது பாரம் தூக்கும்போதன்று, தூக்கிய பின் உண்டு உறங்கும்போதுதான். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. மன்னார்க் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. விலையுயர்ந்த புரதமா டின்னைத் தேடும் இளைஞர்கள் இதை எண்ணிப்பார்க்கட்டும். ஓய்வில்லாத உழைப்பு உடலை வளர்ப்பதில்லை, செலவழிக்கிறது. அரிப்புக் கடல் சொல்லும் பாடம் இதுவே.