கிரக்கத்தோவாவில் ஒருநாள்

சாவகத்திற்கும் சுமத்திராவிற்கும் இடையே சுந்தா நீரிணையில் அமைந்த எரிமலைத் தீவு கிரக்கத்தோவா. 1883 மே 20ஆம் நாள் அது புகையும் சாம்பலும் கக்கத் தொடங்கியது. ஒரே வாரத்தில், அக்காட்சியைக் காட்டுவதற்கென்றே பத்தேவியாவிலிருந்து 'லவுடன்' என்னும் நீராவிக் கப்பல் பயணிகளை ஏற்றிச் சென்றது. மே 27இல் கரையிறங்கியோர் சாம்பலில் கால் புதைய மலையேறினர். அவர்களுள் ஒருவரான சுரங்கப் பொறியாளர் சூர்மன் எரிவாயின் விளிம்பை அடைந்து ஆராய்ந்தார்; நிழற்படமும் எடுக்கப்பட்டது. அனைவரும் நலமே திரும்பினர்.

ஆகஸ்டு 27இல் தீவு வெடித்துச் சிதறியது. எழுந்த பேரலைகளில் மாண்டோர் பெருந்தொகையினர். மொத்த உயிர்ச்சேதம் 36,000ஐக் கடந்தது. அன்று லாம்புங் விரிகுடாவில் நின்ற அதே லவுடன் அலையை நேர்முகமாக எதிர்கொண்டு தப்பியது. கரையிலிருந்த தெலுக் பெத்தோங் நகரோ அழிந்தது.

மலை மூன்று திங்கள் முன்னரே பேசியது. மாந்தர் அதனை வேடிக்கையாகக் கண்டனர்.