15 செகண்டு தள்ளிப் போன மெட்ராஸ்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சங்கரா மீன் குழம்புதான் உண்மையான காரணம். வரலாறு எல்லாம் சாப்பிட்டு முடிச்ச பிறகு வந்தது :-)

மாமா விசைப்படகுல போறவர். படிப்பு அஞ்சாங்கிளாஸ். அவர்கிட்ட மஞ்சள் கலர்ல, கைக்கு அடக்கமா ஒரு பழைய ஜிபிஎஸ் இருக்கு. இஞ்சினியரிங் படிச்ச நான் கூகுள் மேப்பில் நீலப்புள்ளியை மட்டும் பார்க்கிற ஆளு. அவரோ டிகிரி, மினிட்டை நம்ம வீட்டு டோர் நம்பர் மாதிரி சொல்லுவார். அன்னைக்கு அவரைச் சோதிக்க ஒரு எண்ணைக் கேட்டேன்.

"மாமா, கிழக்கே எண்பது டிகிரி, பதினெட்டரை மினிட்டு. எங்க வரும்?"

"அது ஹார்பர் வாயத் தாண்டி கொஞ்ச தூரந்தான் மாப்ள. தெனம் அது மேலதான் போறோம். இன்னாத்துக்குக் கேக்கற?"

அது நான் சும்மா அடிச்சு விட்ட எண் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி மெட்ராஸ் இருந்த இடம்!

கதை இதுதான். சோழமண்டலக் கரையில அப்போ நல்ல துறைமுகம் கிடையாது. கரையோட சரியான இடம் தெரியாமல் கப்பல் ஓட்டுவது உயிரோடு விளையாடுற சமாச்சாரம். கடற்கரையை அளந்துகொண்டிருந்த மைக்கேல் டாப்பிங் ஒரு வானிலக்கூடம் வேணும்னு வாதாடினார். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் அப்சர்வேட்டரி வந்தது. (அங்கே கருவி வைக்க நட்ட கருங்கல் தூண் இன்னைக்கும் வானிலை மைய வளாகத்துக்குள்ள நிக்குது. அந்த ரோட்டுல தினமும் ஆபீஸ் போற எத்தனை பேருக்குத் தெரியும்?)

வடக்கு-தெற்கு கண்டுபிடிக்கிறது சுலபம், நட்சத்திரம் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பார்த்தால் போதும். கிழக்கு-மேற்குதான் தலைவலி. பூமி சுத்திக்கிட்டே இருக்கே! கிரீன்விச்சில் மணி என்ன, இங்கே மணி என்ன, இந்த வித்தியாசம்தான் தீர்க்கரேகை. ஆனா அங்கே மணி என்னன்னு இங்கிருந்து எப்படித் தெரிஞ்சுக்கிறது? கம்பெனியின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வியாழன் கிரகத்தைக் கடிகாரமா வெச்சுக்கிட்டார். அதோட நிலாக்கள் கிரகணத்தில் மறையும் நேரத்தை இங்கே குறிச்சு, கிரீன்விச் நேரத்தோட ஒப்பிட்டார். 1802-ல் வந்த விடை 5 மணி 21 நிமிஷம் 14 செகண்டு. அதுதான் 'மெட்ராஸ் டைம்'. பின்னாடி இந்திய ரயில்கள் ரொம்ப காலம் இந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஓடின. இந்திய நேரம்னு ஒண்ணு 1906-ல்தான் நிலைச்சது.

இதை டிகிரிக்கு மாத்தினால் 80° 18' 30". ஆனா அந்த நுங்கம்பாக்கம் இடம் உண்மையில் 80° 15'-க்குக் கொஞ்சம் குறைவு. நேரத்தில் சொன்னால் வெறும் 15 செகண்டு பிழை. வியாழனோட நிலா பட்டுனு அணையாது, மெல்ல மங்கும். டெலஸ்கோப் எப்படியோ, பார்க்கிற கண் எப்படியோ, அப்படித்தான் நேரமும். அதனால அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா நம்ம அட்சரேகையில் ஒரு செகண்டுன்னா கிட்டத்தட்ட 450 மீட்டர். மொத்தமா ஆறரை கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போச்சு! மொபைலில் போட்டுப் பார்த்தேன். நுங்கம்பாக்கம் அப்சர்வேட்டரி மெரினாவைத் தாண்டிக் கடலுக்குள்ள கிடக்கு. அதே கோட்டைப் பிடிச்சு வடக்கே போனால் ராயபுரம், காசிமேடு எல்லாம் இடது கைப்பக்கம் விட்டுட்டு, திருவொற்றியூர் பக்கத்துலதான் கரை ஏறும்.

மாமா கையில் இருக்கிற பெட்டியும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்யுது. வியாழனுக்குப் பதில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரம் சுமந்த செயற்கைக்கோள்கள். நாலு கோளோட சிக்னல் கிடைச்சால் இடம் தெரிஞ்சிடும். ஐன்ஸ்டீன் சொன்ன விளைவால அந்தக் கடிகாரம் தினமும் 38 மைக்ரோ செகண்டு முந்தும். அதைத் திருத்தலைன்னா ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல பிழை. கோல்டிங்ஹாமே தேவலாம்னு ஆயிடும்.

அமெரிக்க ராணுவச் சரக்கு இது. 1983-ல் கொரிய விமானம் ஒண்ணு வழி தவறிப் போய் சோவியத் சுட்டு வீழ்த்தின பிறகு, எல்லாருக்கும் தருவோம்னு ரீகன் அரசு அறிவிச்சது. தந்தாங்க, ஆனா வேணும்னே பிழை கலந்து. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாசம்தான் அதை நிறுத்தினாங்க. ஊர்ல இருக்கிறவனுக்கு நூறு மீட்டர்னா அடுத்த தெரு. மாமாவுக்கு அது மீன் இருக்கிற பாருக்கும் வலை கிழியற இடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

"இது வரதுக்கு முன்னாடி?"

"ராயபுரம் சர்ச்சு, எண்ணூர் பவர்ஹவுஸ் பொகபோக்கி. ரெண்டும் எந்தத் தெசையில தெரியுதுன்னு பாப்போம். இப்பவும் பேட்டரி பூட்ச்சின்னா அதான்." (எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடியாச்சு.)

அதே 2017 பத்தி அவரே ஆரம்பிச்சார். நவம்பர் கடைசியில ஒக்கி புயல். குமரிப் பக்கம் ஆழ்கடல் போனவங்க பலர்கிட்ட ஜிபிஎஸ் இருந்தது. தாங்கள் எங்கே இருக்கோம்னு தெரிஞ்சது. புயல் வருதுன்னுதான் தெரியலை. இந்தப் பெட்டிக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது. அந்தக் காதும் கடிகாரத்தைத் தவிர வேற எதையும் கேட்காது. வயர்லெஸ் எட்டாத தூரத்துல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போகவே இல்லை. நம்ம ககன் செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்துல மொபைலுக்குத் தர்ற ஜெமினி கருவி 2019 அக்டோபரில்தான் அறிமுகமாச்சு. அதுவும் படகுக்குச் சொல்லுமே தவிர, படகு சொல்றதைக் கேட்காது.

"எங்க கீறோம்னு எங்களுக்குத் தெரிஞ்சி இன்னா புண்ணியம் மாப்ள, ஊட்ல கீறவங்களுக்குத் தெரியணுமே" என்றார். அத்தை உள்ளே பாத்திரம் கழுவுற சத்தம் ஒரு நிமிஷம் நின்னுச்சு.

மாமாகிட்ட ஒரு நாப்பது பக்க நோட்டு இருக்கு. பேரு எதுவும் இல்லாமல் வெறும் எண்களா இருபது வருஷத்துப் பாரு எல்லாம் அதில் இருக்கு. போட்டோ எடுத்து பேக்கப் வெச்சுக்கலாம்னு மொபைலை நீட்டினேன். படக்குனு மூடிட்டார். சரி, கோல்டிங்ஹாம் எண்ணையாவது ஒரு ஓரத்துல எழுதிக்கோங்கன்னு கெஞ்சினேன்.

"அங்க இன்னா மீனு வுழும்?" என்றார்.